இடது மூக்கு

அந்த வாசனைத் தொழிற்சாலையின் எடை அறைக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வேதியியல் படித்திருந்தாள். ஆனால் வேலை என்னவோ சமையல் வேலை மாதிரிதான். மாடியில் வாசனைகளை உருவாக்கும் பெர்ஃப்யூமர்கள் எழுதி அனுப்பும் ஃபார்முலாவை வைத்துக்கொண்டு, எழுபது எண்பது புட்டிகளிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்து, ஒரு மில்லிகிராம் கூடாமல் குறையாமல் நிறுத்துக் கலக்க வேண்டும். கொஞ்சம் பெருமூச்சு விட்டால்கூடத் தராசின் எண் ஆடிவிடும். அந்த அறையின் மேற்பார்வையாளருக்கு எல்லோரும் வைத்த பெயரே ‘தராசு’தான். அவருடைய கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டிருந்தது என்று பையன்கள் கிண்டலடிப்பார்கள்.

மூன்றாவது மாதம் அவள் ஒரு புட்டியை மூடித் திருப்பி வைத்தாள்.

“சார், இந்த எலுமிச்சை எண்ணெய் கெட்டுப்போச்சு.”

“நேத்துதாம்மா சீல் உடைச்சோம்,” என்றார் தராசு. முகர்ந்தும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சந்தேகத்தோடு கலக்க மனமில்லாமல் மாடிக்கு அனுப்பினார்.

மாடியில் மதிப்பீட்டாளர் இருந்தாள். ஒரு பெர்ஃப்யூமர் எதைச் செய்தாலும் அது முதலில் அவள் மேசைக்குத்தான் போகும். காகிதப் பட்டையில் தோய்த்து முகர்ந்து, இது தேறும், இது தேறாது, இதில் இனிப்பைக் குறை, இதில் உயிரே இல்லை என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம். அவள் தலையாட்டாமல் ஒரு சாம்பிள்கூட வெளியே போகாது. அன்று அவள் பட்டையை முகர்ந்தாள், ஜன்னல் பக்கம் போய் நின்றாள், திரும்பவும் முகர்ந்தாள்.

“பொண்ணு சொன்னது சரி. அடியில லேசா மெழுகு வாசனை வருது. யாரு அவ? மேல அனுப்புங்க.”

அன்றிலிருந்து தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் ‘மூக்கி’. மதிப்பீட்டாளர் அவளுக்கு ‘அக்கா’.

அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அப்பா, ஒரு தம்பி. தினமும் மதியம் மூக்கியைத் தன் மேசைக்கு வரவழைப்பாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிப் பட்டைகளை நீட்டுவாள். இருவரும் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவள் ஜெயித்தவளுடைய பட்டைகளையெல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட வேண்டும். பெரும்பாலும் அக்காதான் பொறுக்கினாள். “உன் மூஞ்சியில அது ஒண்ணுதான் உருப்படி,” என்று மூக்கைப் பிடித்துக் கிள்ளுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தம்பி கணக்கு வாத்தியார். அதிகம் பேசமாட்டான், கேட்டதற்குச் சிரிப்பான். இரண்டு வருஷம் கழித்து மூக்கி அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனாள். நாத்தனார் என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. வேலையிலும் வீட்டிலும் அவள் அக்காதான்.

கல்யாணமான அடுத்த வருஷம் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. காலையில் அக்கா, மாலையில் மூக்கி என்று முறை வைத்துக்கொண்டு துடைத்துவிட்டார்கள், புரட்டிப் போட்டார்கள், ஊட்டினார்கள். அந்த வருஷம்தான் மூக்கிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. பத்து நாள். புருஷனிடம் சொல்லவில்லை, தராசிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையே போய்விடும் என்று பயம். அக்காவிடம் மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

“யார்கிட்டயும் மூச்சு விடாதே,” என்றாள் அக்கா. “எது நல்லது, எது கெட்டதுன்னு நான் முகர்ந்து பாத்துப் புட்டிமேல புள்ளி வச்சுத் தரேன். திரும்பி வந்துடும்.”

பதினோராம் நாள் காலை, கணவனின் சட்டைக் காலரிலிருந்து வியர்வை வாசனை வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவின் அறைக்கு ஓடினாள். இருவரும் அந்த அழுக்குச் சட்டையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மாமனார் விழித்துக்கொண்டார்.

கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு ஊரில், ரயிலில் ஒரு நாள் தூரத்தில் இருந்தது. அங்கே பெர்ஃப்யூமர்களை உருவாக்கும் பள்ளி ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, எல்லாக் கிளைகளிலிருந்தும் தேர்வு வைத்து ஆறு பேரை எடுப்பார்கள். மூன்று வருஷப் படிப்பு. அதை முடித்தவர்கள்தான் பெர்ஃப்யூமர் ஆகலாம், உடம்பில் பூசும் உயர்ந்த வாசனைகளைத் தொடலாம். இருபத்தெட்டு வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.

மூக்கி இருபத்தாறில் எழுதினாள். நூற்றிருபது பட்டைகளில் நூற்றுப் பதினாலைச் சரியாகச் சொன்னாள். அந்தக் கிளையில் அதுவரை யாரும் நூறைத் தாண்டியதில்லை. தேர்வாகவில்லை. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. ‘வருந்துகிறோம்’ என்ற ஒரே வரி.

“அங்கேயும் சிபாரிசுதான்டி,” என்றாள் அக்கா. “அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

அடுத்த தடவைக்குள் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் பிறந்திருந்தாள். இருபத்தெட்டில் நூற்றுப் பதினேழு. அப்போதும் அதே வரி. அன்று அவள் சாப்பிடவில்லை. கணவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தான். “அவங்களுக்குக் கொடுத்து வைக்கல,” என்றான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பள்ளி வாசல் சாத்திய பிறகு அவளை வீட்டு உபயோகப் பொருள் பிரிவில் உதவியாளராகப் போட்டார்கள். தரை துடைக்கும் திரவம், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, கழிவறைக் கட்டி. மாடியில் இருந்தவர்கள் அந்தப் பிரிவை ‘துடைப்பக் கட்டை’ என்பார்கள். பட்டையில் மணப்பது பெரிய காரியமில்லை, பினாயிலில் போட்டும் மணக்க வேண்டும் என்பதுதான் அங்கே பாடம். ரோஜாவைக் கொண்டுபோய்ச் சலவைச் சோடாவில் போட்டால் அது ஒரே நாளில் அழுகிய உருளைக்கிழங்காகிவிடும். எது தாங்கும், எது செத்துப்போகும், எது கொதிநீரில் போட்ட பிறகுதான் வாயைத் திறக்கும் என்று அவள் ஒவ்வொன்றாகத் தானே கண்டுபிடித்தாள். பின்கட்டில் ஒரு சலவை இயந்திரத்தை வாங்கிப் போடச் சொல்லி, நாள் முழுக்கத் துண்டு துவைத்தாள். ஈரத் துணியை முகர்ந்து முகர்ந்து அவள் மூக்கு நுனி எப்போதும் சிவந்திருக்கும்.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு சலவைத் தூளுக்கு அவள் செய்த வாசனை வீடு வீடாகப் போயிற்று. காய்ந்த துணியை மடிக்கும்போது மட்டும் எழும் வாசனை அது. அதன் பிறகு ஷாம்பு கொடுத்தார்கள், குழந்தை சோப்பு கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகாமலே பெர்ஃப்யூமர் என்று பெயர் போட்டார்கள், பிறகு மூத்த பெர்ஃப்யூமர். நாற்பத்தேழாவது வயதில் மாஸ்டர் பெர்ஃப்யூமர் பட்டம் வந்தது. கம்பெனி முழுவதிலும் நாலே பேருக்கு இருந்த பட்டம். பள்ளியில் படிக்காமல் அதை வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

உதவியாளரான நாளிலிருந்து அவள் கலந்து பார்த்த ஒவ்வொரு டிரையலும் அக்காவின் மேசைக்குத்தான் போனது. பட்டையின் ஓரத்தில் அக்கா பென்சிலால் எழுதுவாள்: ‘இன்னும் இல்லை.’ ‘கிட்ட வந்துட்டே.’ ‘இதுதான்.’ அக்கா ‘இதுதான்’ என்று எழுதாத வரை மூக்கிக்கு எதுவும் முடிந்ததாகத் தோன்றாது.

பட்டமளிப்பு தொழிற்சாலைக் கூடத்தில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பள்ளியின் இயக்குநர் வந்திருந்தார். நரைத்த தாடி, மெல்லிய குரல். முதல் வரிசையில் கணவன், கல்லூரியில் படிக்கும் மகள், அக்கா. அக்கா கைதட்டிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். தராசு ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. அவர் விசில் அடித்தார்.

தேநீர் வேளையில் இயக்குநர் அவளைத் தனியே அழைத்தார்.

“உங்களைப் பாக்கும்போது எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியா இருக்கும்மா. ரெண்டு தடவையும் வேணாம்னு முடிவு பண்ணின குழுவுல நானும் இருந்தேன். அந்த மார்க்குக்கு எடுத்திருக்கணும். ஆனா மூக்கு பாதி போனவங்களை மூணு வருஷப் படிப்புக்கு எப்படி எடுக்கறதுன்னுதான்... அப்புறம் குணமாயிடுச்சா? எந்த டாக்டர்கிட்ட பாத்தீங்க?”

அவள் சிரித்தாள். யாரையோ நினைத்துக்கொண்டு தன்னிடம் பேசுகிறார் என்று நினைத்தாள்.

“யாருக்கு சார் மூக்கு போச்சு?”

அவர் முகம் மாறியது. பாராட்டுரை தயாரிக்க அவளுடைய பழைய கோப்பை வரவழைத்திருந்தார். விருந்தினர் அறையில் அது இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, எடுத்து நீட்டினார்.

தேர்வு மதிப்பெண்ணோடு கிளையிலிருந்து ரகசிய அறிக்கை ஒன்று போக வேண்டும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு அறிக்கைகள் இருந்தன. முதலாவதில்: ‘சென்ற ஆண்டுக் காய்ச்சலுக்குப் பிறகு இடது மூக்கில் நுகரும் சக்தி திரும்பவில்லை. பத்து நாட்கள் எதுவுமே தெரியாமல் என் உதவியோடுதான் வேலை செய்தார். மதியத்துக்கு மேல் நம்ப முடியாது.’ இரண்டாவதில்: ‘முன்பு எழுதியதில் மாற்றமில்லை. வீட்டுப் பொருள் பிரிவுக்குப் போதுமானவர். இதை அவரிடம் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துவிடுவார்.’

கீழே இருந்த கையெழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நீண்ட வாலோடு சுழித்த அந்த ‘லை’யை இத்தனை வருஷமாகப் பட்டை ஓரங்களில் பார்த்தவள் அவள்.

கோப்பை மூடிக் கொடுத்தாள். “நன்றி சார்,” என்றாள். கூடத்துக்குத் திரும்பினாள். புகைப்படம் எடுத்தார்கள். அக்கா அவள் தோளில் கைபோட்டு நின்றாள். அந்தப் படத்தில் மூக்கியும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். எப்படிச் சிரித்தேன் என்று பின்னால் அவளுக்கே விளங்கவில்லை.

ஒரே காரில் வீடு திரும்பினார்கள். மகள் தோழியைப் பார்க்க வழியில் இறங்கிக்கொண்டாள். அக்கா நேரே சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை.

மூக்கி வாசலில் நின்றாள். “எனக்கு இடது மூக்கு எப்ப போச்சு?”

அக்காவின் கை அடுப்புக் குமிழிலேயே நின்றது.

“யார் சொன்னாங்க?”

‘என்னடி உளர்றே’ என்று கேட்டிருந்தால் மூக்கி ஒருவேளை இன்னும் ஒரு நிமிஷம் நம்பியிருப்பாள். வழி நெடுக அதற்காகத்தான் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“நீங்கதான். உங்க எழுத்துல படிச்சேன்.”

அக்கா அடுப்பை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா படுக்கையில கிடந்தார். உனக்குத் தெரியாததா?”

“அவர் முதுகுப் புண்ணைத் துடைச்சவ நான். எனக்கா தெரியாது?”

“நீ போனா அவனும் உன் பின்னாலயே வந்துடுவான். நான் ஒருத்தி என்ன செய்வேன்? வேலையை விட்டுட்டு அவர் பக்கத்துல உக்காரணும். எனக்குன்னு அந்த மேசையைத் தவிர என்ன இருந்துச்சு?”

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நின்னிருப்பேனே!”

“நின்னிருப்பே. ஆனா தினம் காலையில என் மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம், இவளாலதான் நின்னேன்னு நினைச்சிருப்பே. அதை என்னால தாங்கியிருக்க முடியாது.”

“அதுக்காக என் மூக்கைப் பலி குடுத்துட்டீங்க.”

அக்கா எழுந்து அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

“சரி, ரெண்டாவது தடவை? அப்ப என்ன சாக்கு?”

“மொதல்ல எழுதினதை எப்படி மாத்தறது? கேள்வி வந்திருக்கும். அப்புறம்... குழந்தை வந்துடுச்சு. என் கையிலதான் தூங்குவா. நீயே பாத்திருக்கியே.”

“அந்தப் பத்து நாளை நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். கட்டின புருஷனுக்குக்கூடத் தெரியாது. கதவைச் சாத்திக்கிட்டு உங்க மடியில விழுந்து அழுதேன். அதை எடுத்துக் கொண்டுபோய் எழுதியிருக்கீங்க. கொஞ்சம்கூடக் கை கூசலையா?”

“கூசிச்சு,” என்றாள் அக்கா. “ஆனா எழுதினேன்.”

அப்போதுதான் மூக்கி திரும்பினாள். கூடத்தில் கணவன் மாலையையும் சால்வையையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் முகத்தில் திகைப்பைத் தேடினாள். இல்லை. பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பையன் மாதிரி நின்றான்.

“உங்களுக்குத் தெரியுமா?”

அவன் சால்வையை நாற்காலியின் மேல் மெதுவாக வைத்தான்.

“மொதல் தடவை சத்தியமாத் தெரியாது. ரெண்டாவது தடவை முடிவு வந்த மறுநாள் அக்கா என்கிட்ட சொல்லி அழுதுச்சு. அதுக்கப்புறம் சொல்லி என்ன ஆகப்போவுது... வீடு ரெண்டாப் போயிடுமேன்னு...”

“பத்தொம்பது வருஷம்.”

“நீ நல்லாத்தானே வந்தே? யாருக்கும் கிடைக்காத பட்டம்...”

“கொடுத்து வைக்கலன்னு சொன்னீங்களே, முதுகைத் தடவிக்கிட்டு?”

“அது அதுக்கு மொத நாள்...”

“அப்ப தெரியாது. சரி. மறுநாள்லேருந்து தடவினீங்களே, அது?”

அக்கா எழுதியது இரண்டு தாள். இவன் தினமும் பக்கத்தில் படுத்து, தினமும் மறைத்திருக்கிறான். எது பெரியது என்று அவளால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. மகளின் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். வெளியே இருவரும் மாறி மாறித் தட்டினார்கள். அன்றோடு ‘அக்கா’ என்று கூப்பிடுவதை விட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனாள். மேசையில் ஒரு சோப்புக்கான அறுபத்தோராவது டிரையல் காத்திருந்தது. பட்டையில் தோய்த்தாள். முகர்ந்தாள். நன்றாக இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. அக்காவிடம் அனுப்பக் கை வரவில்லை. அனுப்பாமல் முடிவு செய்யவும் தெரியவில்லை. அப்போதுதான் அந்த எண்ணம் அவளை அறைந்தது. மேலே போகாமல் தடுத்தவள், இத்தனை வருஷமும் பட்டைகளில் எழுதியது மட்டும் நிஜமா? ‘இன்னும் இல்லை’ என்று அவள் தள்ளியவற்றில் எத்தனை தங்கம் இருந்ததோ? நல்லதையெல்லாம் நானே தூக்கிக் குப்பையில் போட்டேனோ?

பழைய நோட்டுகளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அக்கா நிராகரித்த ஃபார்முலாக்களில் நாற்பதை, தனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தவற்றை, குறித்துக் கொடுத்தாள்.

“எதுக்கு மூக்கி, செத்துப்போனதையெல்லாம் தோண்டி எடுக்கறே?” என்றார் தராசு.

“நிஜமாவே செத்துச்சா, கொன்னாங்களான்னு பாக்கணும் சார்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. யாரிடமும் கொடுக்காமல் தானே உட்கார்ந்து நிறுத்தார். இரண்டு வாரம் ஆனது. நாற்பது புட்டிகளிலும் எண் மட்டும் ஒட்டி மாடிக்கு அனுப்பினார்.

அவள் அறையைச் சாத்திக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்தாக முகர்ந்தாள். சோப்பில் போட்டாள், ஷாம்புவில் போட்டாள், துண்டு துவைத்துக் காயவைத்தாள். ஒன்றிலாவது அக்கா பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் மனம் கெஞ்சியது. ஒரு பொய் அகப்பட வேண்டும், அகப்பட்டால் முழுசாக வெறுத்துவிடலாம்.

ஏழாவது புட்டி, தள்ள வேண்டியதுதான். பன்னிரண்டாவது, திகட்டல். இருபத்து மூன்றாவது வெட்டிவேர் கலவை. அதற்காக அக்காவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள். இப்போது பார்த்தால் ஈர மண் மாதிரி கனத்துக் கிடந்தது. நாற்பதில் இரண்டை மட்டும் வாதாடலாம். மற்றதெல்லாம் அக்கா எழுதியது எழுதியபடி சரி. பட்டையின் மேல் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

கடைசிப் பட்டையைக் கீழே வைத்தபோதுதான் மூக்கிக்கு அழுகை வந்தது. வீட்டில் சமையலறையில்கூட அவள் அழவில்லை. இத்தனை நேர்மையான மூக்குக்குச் சொந்தக்காரி, நூற்றுப் பதினாலும் நூற்றுப் பதினேழும் எவ்வளவு பெரிது என்று அந்தத் தொழிற்சாலையிலேயே அதிகம் அறிந்தவள், அறிந்துகொண்டேதான் எழுதியிருக்கிறாள்.

மாஸ்டர் பட்டத்தோடு ஓர் உரிமையும் வந்திருந்தது: எந்தக் கிளையில் வேண்டுமானாலும் போய் வேலை செய்யலாம். தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதினாள். மகளிடம் நடந்ததை முழுவதும் சொன்னாள். மகள், “நான் யார் பக்கம்மா நிக்கறது?” என்று கேட்டாள்.

“யார் பக்கமும் வேணாம். அத்தைகிட்ட நீ பேசு. உன்னை வளர்த்தவங்க. என்னைத்தான் பேசச் சொல்லாதே.”

கணவன் பெட்டியைக் கட்டில் மேல் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். “நானும் வரேன். வேலையை விட்டுடறேன். அன்னிக்கு வர வேண்டியவன், இப்பவாவது...”

“இப்ப வராதீங்க.”

“எப்ப வரட்டும்?”

“தெரியாது. தெரிஞ்சா சொல்றேன். இதாவது பொய் சொல்லாம சொல்றேனே, அதை வச்சுக்குங்க.”

கிளம்பிய அன்று அக்கா மாடிப்படியின் பாதியில் நின்றாள். கீழே இறங்கவுமில்லை, திரும்பி மேலே போகவுமில்லை. மூக்கி பார்த்தாள். ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

தலைமை அலுவலகத்தில் அவளுடைய அறை மூன்றாம் மாடி. இரண்டாம் மாடியில் பள்ளி. தினமும் படியேறும்போது கண்ணாடிக் கதவு வழியாக வகுப்பறை தெரியும். ஆறு மேசை, ஆறு இளம் முகங்கள், சுவர் முழுக்கப் புட்டிகள். முதல் இரண்டு மாதம் அந்தப் பக்கம் பார்க்காமல் ஏறினாள். பிறகு ஒரு திங்கட்கிழமை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆசிரியை பதறி எழுந்தாள். “மேடம், நீங்க எடுக்கறீங்களா?”

“இல்லம்மா. நீங்க நடத்துங்க. நான் சும்மா உக்காந்து கேக்கறேன்.”

கடைசியில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அன்று மரப்பாசி பற்றிய பாடம். பட்டைகள் கைமாறி வந்தன. ஈரக் காடு, மை, பழைய தோல் என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சொல்லிக்கொடுத்ததில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இரண்டு இடத்தில் ஆசிரியை சொன்னது தவறுகூட. சலவைத் தூளில் போட்டுப் பார்த்தவளுக்குத்தான் அது தெரியும். அவள் திருத்தவில்லை. பக்கத்துப் பெண் ஒரு வாசனையை அடையாளம் கண்டு துள்ளியதைப் பார்த்தாள். இருபத்தாறு வயது இருக்கும். பாடத்துக்காக வந்தேனா, இந்தத் துள்ளலுக்காகவா என்று யோசித்தாள். மணி அடித்ததும் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். மறுநாள் போகவில்லை.

அங்கே அவளுக்கு அமைந்த மதிப்பீட்டாளர் ஓர் இளைஞன். முதல் டிரையலை முகர்ந்துவிட்டுத் தயங்கித் தயங்கி, “மேடம்... நடுவுல காலியா இருக்கு,” என்றான். அவள் இரண்டு நாள் அவனை நம்பவில்லை. மூன்றாம் நாள் அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. ஃபார்முலாவை மாற்றினாள். அடுத்த தடவையும் இரண்டு நாள் நம்பவில்லை. அது இனிமேல் அப்படித்தான் இருக்கும் என்று புரிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவன் போன் செய்வான். மகளுடைய பரீட்சை, தண்ணீர் மோட்டார், பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த தலைமையாசிரியர். அவளும் பதில் சொல்வாள். ஒரு ஞாயிறு, பேச எல்லாம் தீர்ந்த பிறகும் அவன் வைக்கவில்லை.

“அக்கா முன்கூட்டியே ரிட்டயர்மென்ட் கேட்டு வாங்கிடுச்சு, வர்ற மாசத்தோட சரி. நீ எப்படி இருக்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. என்ன சொல்லட்டும்?”

ஜன்னலுக்குக் கீழே யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நல்லா இருக்கேன், வேலை செய்யறேன்னு சொல்லுங்க,” என்றாள். “அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்களா எதையும் சேத்துச் சொல்லாதீங்க.”

“சரி,” என்றான் அவன். அவள் போனை வைத்துவிட்டு, காலையில் பாதியில் விட்ட ஃபார்முலாவை எடுத்து விரித்தாள்.